மழைக்கு எந்த டிஷ் தாங்கும்? 60 முதல் 120 செ.மீ. வரை ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரண 60 செ.மீ. கேயு பேண்ட் (வீட்டு டிடிஎச் சேவைகளின் அலைவரிசை) டிஷ் தூறலுக்கும் மிதமான மழைக்கும் போதும். மழை சற்று வலுத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு உறையும், பிறகு 'சிக்னல் இல்லை' என்று வரும். 90 செ.மீ. டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி வைத்தால் இப்படி அறுந்துபோகும் நேரம் நன்றாகவே குறையும். ஆனால் அடித்துக் கொட்டும் மழையில் அதுவும் சில நிமிடங்கள் கைவிடும். 'மழையிலும் சிக்னல் போகாது' என்று பெட்டியில் அச்சிட்ட எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலை வாங்கிப் பெருக்கும் கருவி), பூஸ்டர் வகையறாக்களுக்குச் செலவு செய்வது பெரும்பாலும் வீண். மழையை எதிர்கொள்வது டிஷ்ஷின் பரப்பும் அது நோக்கும் திசையின் துல்லியமும்தான்.

ஏன் என்று புரிந்தால்தான் எதை வாங்குவது, எதை ஒதுக்குவது என்று தீர்மானிக்க முடியும்.

கேயு பேண்டில் டிஷ்ஷுக்கு இறங்கிவரும் சிக்னல் 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. அதன் அலைநீளம் 2.5 செ.மீ. மழைத்துளி அரை மில்லிமீட்டரில் தொடங்கி 5, 6 மில்லிமீட்டர் வரை இருக்கும். அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவுக்குத் துளி பெருக்கும்போது அது அலையின் ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக்கும், மீதியைச் சிதறடிக்கும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குமுறைப்படி மணிக்கு 50 மி.மீ. வீதம் பெய்யும் மழையில் 12 கிகாஹெர்ட்ஸ் கிடைமட்ட அலை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 2.4 டெசிபெல் இழக்கிறது. 3 டெசிபெல் என்றால் பாதி போய்விட்டது என்று பொருள். அதே மழையில் சி பேண்டின் 4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இழப்பு கிலோமீட்டருக்கு 0.1 டெசிபெல்கூட இல்லை. பழைய பெரிய சி பேண்ட் டிஷ்கள் எந்த மழைக்கும் அசையாமல் நின்றதன் ரகசியம் இதுதான். கேஏ பேண்டின் 20 கிகாஹெர்ட்ஸில் இழப்பு கிலோமீட்டருக்கு 5.7 டெசிபெல், 30 கிகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 10.

மேகம் தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் என்றாலும் சிக்னலுக்கு முக்கியம், நீர் உறையும் உயரத்துக்குக் கீழே உள்ள பகுதிதான். அதற்கு மேலே இருப்பது பனிக்கட்டி. அது இந்த அலையை அதிகம் உறிஞ்சாது. வெப்பமண்டலத்தில் அந்த உயரம் சுமார் 5 கி.மீ. டிஷ் 60 பாகை ஏற்றத்தில் பார்த்தால் மழைக்குள் சிக்னல் கடக்கும் சாய்வுப் பாதை 5.8 கி.மீ.; 30 பாகையில் 10 கி.மீ. கனமழை பெய்யும் திட்டு சில கிலோமீட்டர் அகலமே இருக்கும் என்பதால், பாதை முழுவதும் ஒரே வேகத்தில் மழை இருக்காது. ஆனாலும் தாழ்ந்து பார்க்கும் டிஷ்ஷுக்கு மழைத் தொல்லை அதிகம் என்பது மாறாது. ஒரே சேவை இரண்டு செயற்கைக்கோள்களில் கிடைத்தால், உயரத்தில் தெரிவதைத் தேர்ந்தெடுப்பது செலவில்லாத மேம்பாடு.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: மழை இரண்டு முறை அடிக்கிறது. சிக்னலைக் குறைப்பது முதல் அடி. வெப்பமான நீர் தானே ரேடியோ இரைச்சலை வெளியிடுவது இரண்டாவது அடி. தெளிந்த வானம் டிஷ்ஷுக்கு மிகக் குளிர்ந்த பின்னணி. மழை வந்ததும் அந்த இடத்தில் சுமார் 275 கெல்வின் சூடுள்ள திரை விழுகிறது. எல்.என்.பி.யும் ஆன்டெனாவும் சேர்ந்து வெயில் நாளில் 91 கெல்வின் இரைச்சல் கொண்ட ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். 3 டெசிபெல் மழையில் அது ஏறத்தாழ 208 கெல்வின் ஆகிவிடும். இரைச்சல் உயர்ந்ததால் மட்டும் 3.6 டெசிபெல் போகிறது. ஆக 3 டெசிபெல் மழை என்பது செட் டாப் பாக்ஸுக்கு 6.6 டெசிபெல் நஷ்டம். பாக்ஸ் திரையில் 'ஸ்ட்ரெங்த்' கோடு ஓரளவு நன்றாகவே நிற்க, 'குவாலிட்டி' மட்டும் சரிந்து விழுவதற்குக் காரணம் இதுதான். ஸ்ட்ரெங்த் மீட்டர் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே அளக்கிறது. மழைக்காக எதைச் சோதித்தாலும் குவாலிட்டியை மட்டும் பாருங்கள்.

டிஷ் அளவு

வெயில் நாளில் 60 செ.மீ. டிஷ்ஷில் சிக்னல்-இரைச்சல் விகிதம் 14 டெசிபெல் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஹெச்.டி. சேனல்கள் வரும் டிவிபி-எஸ்2 ஒளிபரப்பு முறையில், சிக்னலில் தகவலை ஏற்றும் 8பிஎஸ்கே 3/4 என்ற அமைப்புக்குக் குறைந்தபட்சம் சுமார் 8 டெசிபெல் வேண்டும். எனவே மழைக்கென்று கையிருப்பு 6 டெசிபெல். இரைச்சல் உயர்வையும் கழித்துப் பார்த்தால் இந்தக் கையிருப்பு தாங்குவது 2.6 டெசிபெல் மழையைத்தான். மழைக்குள் செல்லும் பாதை 4 கி.மீ. என்று கொண்டால் அது மணிக்கு 16 மி.மீ. வீதம் பெய்யும் மழை. இதையே மற்ற அளவுகளுக்குப் போட்டுப் பார்த்தால்:

75 செ.மீ. டிஷ் 1.9 டெசிபெல் கூடுதலாகத் தரும். மணிக்கு 23 மி.மீ. வரை தாங்கும்.
90 செ.மீ. டிஷ் 3.5 டெசிபெல் கூடுதல், 28 மி.மீ. வரை.
120 செ.மீ. டிஷ் 6 டெசிபெல் கூடுதல்; 38 மி.மீ. வரை.

செயற்கைக்கோளின் வீச்சு உங்கள் இடத்தில் எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த எண்கள் மேலும் கீழும் நகரும். விகிதம் மாறாது. 60-லிருந்து 90-க்குப் போவதில் கிடைக்கும் லாபம் மிக நல்லது. 120-க்குப் போனால் லாபம் இன்னும் உண்டு. ஆனால் எடை, காற்றுச் சுமை, திருப்பும் சிரமம் எல்லாம் அதைவிட வேகமாக ஏறும்.

மணிக்கு 100 மி.மீ. வீதம் கொட்டும் மழை கிலோமீட்டருக்கு 5.5 டெசிபெல் தின்னும். மூன்றே கிலோமீட்டருக்கு 16 டெசிபெல்லுக்கு மேல். அதற்கும் அறுந்துபோகாமல் நிற்க அதே கணக்கின்படி ஏறத்தாழ 3.8 மீட்டர் டிஷ் வேண்டும். வீட்டுக்கு அது நடக்காத காரியம். இத்தகைய மழை ஒரே இடத்தில் நீண்ட நேரம் நீடிப்பதில்லை. பத்து இருபது நிமிடத்தில் திட்டு நகர்ந்துவிடும். அந்த இடைவெளியை ஏற்றுக்கொள்வதே விவேகம்.

வெளிநாட்டு விமர்சனங்களை நம்பி டிஷ் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகை மழைவீத மண்டலங்களாகப் பிரித்து முன்பு பயன்பட்ட சர்வதேச அட்டவணையில், ஆண்டின் 0.01 சதவீத நேரம், அதாவது சுமார் 53 நிமிடம், மிஞ்சப்படும் மழைவீதம் 'இ' மண்டலத்தில் மணிக்கு 22 மி.மீ., 'என்' மண்டலத்தில் 95, 'பி' (P) மண்டலத்தில் 145. இன்று அதற்குப் பதில் விரிவான வரைபடங்கள் வந்துவிட்டன. வித்தியாசத்தின் அளவு அப்படியேதான் இருக்கிறது. மிதமான தட்பவெப்பத்தில் '60 செ.மீ. தாராளம்' என்று எழுதப்பட்டது அங்கே உண்மை. வெப்பமண்டல மழைக்கு அது செல்லாது.

எல்.என்.பி.

பெட்டியில் '0.1 டெசிபெல்' என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் எல்.என்.பி.களை மழைக்காக வாங்க வேண்டாம். 0.7 டெசிபெல் எல்.என்.பி. சேர்க்கும் இரைச்சல் 51 கெல்வின், உண்மையாகவே 0.2 டெசிபெல் என்றால் 14 கெல்வின். வெயில் நாளில் இந்த மாற்றம் 2.3 டெசிபெல் லாபம் தரும். 3 டெசிபெல் மழையில் அந்த லாபம் 0.8, 0.9 டெசிபெல்லாகச் சுருங்கிவிடுகிறது. மழையின் சொந்த இரைச்சல் முன்னே நிற்கும்போது எல்.என்.பி.யின் இரைச்சல் சின்னதாகிப் போகிறது. தேவைப்படும் நேரத்தில் கை விரிக்கும் லாபம் இது. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்புவதும் கடினம்.

எல்.என்.பி.யில் மழைக்காகப் பார்க்க வேண்டியது வேறு. வாயிலுள்ள பிளாஸ்டிக் மூடி தடிமனாக, விளிம்பு சுற்றிலும் நன்றாகப் பொருந்தி இருக்க வேண்டும். வெயிலில் சில வருடம் நின்றதும் இந்த மூடி நொறுங்கும் தன்மை அடையும், மயிரிழை விரிசல் விழும், உள்ளே நீர் இறங்கும். கனெக்டர் பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அதன் மேல் சறுக்கு மூடி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வாயில் விரிசல் கண்டால் டேப் ஒட்டி ஒப்பேற்றாமல் எல்.என்.பி.யையே மாற்றுங்கள். டேப்பின் மேல் தங்கும் நீர்ப்படலமும் சிக்னலைத் தடுக்கும்.

கேபிளும் கனெக்டரும்

மழைப் புகார்களில் மழையே காரணமாக இல்லாதவை நிறைய. அவற்றின் மூலம் பெரும்பாலும் இங்கேதான். பிரித்தறிய எளிய சோதனை உண்டு. மழை விட்ட சில நிமிடங்களில் படம் தானாக வந்துவிட்டால் அது வானத்தில் நடந்த இழப்பு. மழை நின்று பல மணி நேரமாகியும், வெயில் அடித்துக் காய்ந்த பிறகே சரியாகிறது என்றால், நீர் எங்கோ உள்ளே புகுந்திருக்கிறது. மழைக்குப் பின் சரியாகவே இல்லை என்றால் காற்றில் டிஷ் நகர்ந்திருக்கலாம்.

இன்னொரு தடயம்: பாக்ஸ் எல்.என்.பி.க்கு 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலை. நீர் புகுந்து செம்பு பச்சை பூத்த கனெக்டரில் மின்தடை ஏறும். 18 வோல்ட் எல்.என்.பி.யை எட்டும்போது குறைந்துபோய், கிடைமட்ட சேனல்கள் மட்டும் காணாமல் போகும். ஆனால் அவசரப்பட வேண்டாம். விழும் பெரிய துளி தட்டையாகும் என்பதால் மழையே கிடைமட்ட அலையைக் கூடுதலாக உறிஞ்சுகிறது, 50 மி.மீ. மழையில் கிடைமட்டத்துக்கு கிலோமீட்டருக்கு 2.4 என்றால் செங்குத்துக்கு 2.0 டெசிபெல். மழையின்போது கிடைமட்டம் முதலில் போய் கடைசியில் திரும்பி வந்தால் அது இயல்பு. காய்ந்த நாளிலும் கிடைமட்டம் வரவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான். ஆர்ஜி-6 கேபிளில் நடுக்கம்பி முழுச் செம்பாக இருப்பதை எடுங்கள். செம்பு பூசிய இரும்பில் வோல்ட் இறக்கம் அதிகம், நீளம் கூடும்போது அது கை கடிக்கும். திருகும் வகை கனெக்டரை விட்டுவிட்டு, கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகையைப் போடுங்கள். கேபிள் எல்.என்.பி.யில் சேரும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள். ஓடிவரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டர் வரை ஏறாது. அதன் மேல் தானாகவே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், கீழிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி. சாதாரண மின்சார டேப் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். வினிகர் வாடை வீசும் சிலிக்கான் பூச்சு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். ஒருமுறை நீர் குடித்த கேபிளைக் காயவைத்துப் பயனில்லை. உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் வழியே நீர் மீட்டர் கணக்கில் ஊறியிருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

திருப்பி வைப்பது

90 செ.மீ. வாங்கியும் 'ஒன்றும் மாறவில்லை' என்று வருத்தப்படுபவர்களின் டிஷ் அநேகமாகக் கோணம் தவறியிருக்கும். டிஷ் பெரிதாக ஆக அதன் பார்வை குறுகும். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 2.9 பாகை, 90 செ.மீ.க்கு 1.9, 120 செ.மீ.க்கு 1.5. ஒரு பாகை தவறினால் 60-ல் நஷ்டம் 1.4 டெசிபெல், 90-ல் 3.2. பெரிய டிஷ்ஷுக்காகக் கொடுத்த பணத்தின் பலன் கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரு பாகையில் கரைந்துபோகும். வெயில் நாளில் படம் தெளிவாகவே தெரியும் என்பதால் யாருக்கும் தெரியாது. முதல் மழையில்தான் வெளிப்படும்.

தெளிந்த வானத்தில், குவாலிட்டி மிகக் குறைவாக வரும் சேனலை வைத்துக்கொண்டு திருப்புங்கள். வலுவான சேனலில் மீட்டர் 95-ஐத் தாண்டியபின் அசைவே தெரியாது. முதலில் இடவலம், பிறகு ஏற்றம், பிறகு எல்.என்.பி.யைத் தன் அச்சில் சுழற்றும் ஸ்க்யூ. மூன்றும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஒருமுறை. உச்சம் எது என்று நேரடியாகத் தேடாதீர்கள். ஒரு பக்கம் குவாலிட்டி விழும் இடத்தையும் மறுபக்கம் விழும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் சில நொடி காத்திருங்கள், மீட்டர் மெதுவாகத்தான் பேசும். நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே நட்டை முழுக்க முடுக்கினால் டிஷ் தானே அரை பாகை சாயும்.

இணைப்புப் பொருட்கள்

கேபிள் நடுவே பொருத்தும் 'இன்லைன் ஆம்ப்ளிஃபையர்' சிக்னலோடு இரைச்சலையும் அதே அளவு பெருக்கும். மிக நீளமான கேபிளில் ஏற்படும் இழப்பை அது ஈடுசெய்யும். மழையில் இழந்ததை எதுவும் செய்யாது. டிஷ்ஷுக்கு மேல் குடை, பாலித்தீன் உறை போன்றவை, நனைந்த படலமாக மாறி நஷ்டத்தைக் கூட்டவும் செய்யலாம். நீர் ஒட்டாத மேற்பூச்சுக்குப் பலன் உண்டு: நீர்ப்படலம் உருண்டைகளாக உடைந்து வழிந்துவிடும். 1993-ல் நாசா ஏவிய ஏசிடிஎஸ் செயற்கைக்கோளின் கேஏ பேண்ட் ஆய்வுகளிலேயே ஆன்டெனா நனைவதால் வரும் இழப்பு கவனிக்கத்தக்கது என்று தெரிந்தது. ஆனால் வெயிலிலும் தூசியிலும் பூச்சு தேயும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும். கேயு பேண்ட் வீட்டு டிஷ்ஷுக்கு அதைவிட அவசியம், எல்.என்.பி. வாயை ஈரத் துணியால் துடைத்துச் சுத்தமாக வைப்பது. தலைக்கு மேலே பார்க்கும்படி மல்லாந்து கிடக்கும் டிஷ்ஷில் தாழ்ந்த இடத்தில் வடிகால் துளை இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேஏ பேண்ட் இணையச் சேவை

இதற்கு வேறு அளவுகோல். இங்கே டிஷ் பேசவும் வேண்டும். மேலே போகும் 30 கிகாஹெர்ட்ஸ்தான் முதலில் அறுபடும். வேகமாக இறங்கிக்கொண்டிருந்த இணையப் பக்கம் திடீரென்று சுற்றிக்கொண்டே நிற்பதன் காரணம், உங்கள் வேண்டுகோள் மேலே போய்ச் சேராதது. உங்கள் வானம் வெளுத்திருக்கும்போதும் சேவை நின்றால், மழை பெய்வது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேவை நிறுவனத்தின் கேட்வே நிலையத்தில் (செயற்கைக்கோளை இணையத்தோடு இணைக்கும் தரை நிலையம்) இருக்கலாம். அதனால் சேவை எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மழையில் வேகத்தைத் தானாகக் குறைத்து இணைப்பைக் காக்கும் ஏசிஎம் முறை இருக்கிறதா? 8பிஎஸ்கே 3/4-லிருந்து, வேகம் குறைந்த க்யூபிஎஸ்கே 1/2 அமைப்புக்கு இறங்கினால் தேவை 7.9-லிருந்து 1 டெசிபெல்லாகக் குறையும், 60 செ.மீ. டிஷ்ஷை 120 ஆக்கியதைவிட இது அதிகம். மழையில் கேட்வே தன் ஒலிபரப்புத் திறனைக் கூட்டுமா? ஒரு கேட்வே நனைந்தால் பொறுப்பேற்க, கனமழைத் திட்டு இரண்டையும் ஒருங்கே மூடாத தொலைவில், மாற்று கேட்வே உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லும் சேவை மழையில் மெதுவாகும், எளிதில் அறுபடாது. '99.5 சதவீதம் கிடைக்கும்' என்ற வாக்குறுதியில் ஆண்டுக்கு 44 மணி நேரம் இல்லை என்பது அடங்கியிருக்கிறது; 99.9 என்றால் 8 மணி 46 நிமிடம். அந்த மணிநேரங்கள் ஆண்டு முழுக்கப் பரவி வராது, மழை மாதங்களில் கொத்தாக வரும்.

எதை வாங்கலாம்

மழை குறைந்த இடத்தில் 60 போதும். நல்ல மழை பெறும் இடத்தில் 75-ஐக் குறைந்தபட்சமாகவும் 90-ஐச் சரியான தேர்வாகவும் கொள்ளலாம். 120 செ.மீ., செயற்கைக்கோளின் வீச்சு விளிம்பில் இருப்பவர்களுக்கும் டிஷ் நிற்க உறுதியான தளம் உள்ளவர்களுக்கும் மட்டும். மழையோடு காற்றும் வரும் என்பதை மறக்க வேண்டாம். மணிக்கு 100 கி.மீ. காற்றில் 60 செ.மீ. டிஷ்ஷின் மேல் விழும் தள்ளுவிசை சுமார் 17 கிலோ எடைக்குச் சமம், 90-க்கு 39 கிலோ, 120-க்கு 69 கிலோ. 60-க்குப் போட்ட மெல்லிய சுவர்த் தாங்கியிலேயே 90-ஐ மாட்டாதீர்கள். தடிமனான கனமுள்ள குழாய், கான்கிரீட்டில் விரியும் போல்ட்டு, குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டத்தால் இரண்டு பக்கமும் சோதனை. குழாய் சாய்ந்திருந்தால் இடவலம் திருப்பும்போதெல்லாம் ஏற்றமும் கூடவே மாறி, உச்சத்தைப் பிடிக்கவே முடியாது.